நானாய் இப்பாங் ஊற்றிய தண்ணீர்

ஜூலை 9

பத்துக் கட்டளையை இன்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் எட்டிலேயே முடித்துவிட்டார்கள். ஆறாவதையும் ஒன்பதாவதையும் காணோம். கேட்டால், "அது ரெண்டும் பெரியவங்களுக்குன்னு அப்பா சொன்னாரு" என்கிறான் ஊர்த்தலைவர் மகன். அப்பாவுக்கு அந்த இரண்டும் மறந்தே போயிருக்கும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கடல் கொஞ்சம் அடங்கியதால் இரண்டு மாதத்துக்குப் பிறகு பட்டணத்திலிருந்து ஃபாதர் டெல்ஃபின் வந்தார். பூசை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பக்கத்துத் தீவிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோகும்போது ஒரு பச்சைப்பிள்ளை வழியிலேயே போய்விட்டதாம். படகில் இருந்த ஒருவருக்கும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கத் தெரியவில்லை. அதனால் தீவில் பிரசவம் பார்க்கும் பெண்களை எல்லாம் கூட்டி, ஆபத்து நேரத்தில் எப்படிக் கொடுப்பது என்று நான் வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

"எனக்கு வேற வேலை இல்லையா சாமி?" என்றேன்.

"இல்லைன்னு நினைச்சுத்தான் கேட்டேன், மானா செண்டா."

என்னைவிடப் பத்து வயது சின்னவர், அதனால்தான் 'மானா', அக்கா. வாய்க்கு மட்டும் வயது அதிகம்.

ஊரில் என் பெயர் செக்போஸ்ட். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் பெற்றவர்களும் ஞானப்பெற்றோரும் என் வகுப்பில் ஒரு நாள் உட்கார வேண்டும். அவர்களுக்கோ விருந்துக்குப் பன்றி சுடுவதில்தான் கவனம். 'செண்டாவைத் தாண்டித்தான் மோட்சமே' என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். ஒரு பிள்ளையைக் கடவுள் கையில் கொடுக்கும்போது என்ன கொடுக்கிறோம் என்றாவது தெரிய வேண்டாமா?

என் மகள் பெர்லாவுக்கு மருத்துவச்சி நானாய் இப்பாங் தண்ணீர் ஊற்றினார், ஊருக்கே நானாய், அம்மா. விடியலில் பிறந்தவள், மத்தியானத்துக்குள் போய்விட்டாள். பதினோரு வருடம் ஆகிறது. மற்ற எல்லாவற்றையும் நினைத்து அழுதிருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் குறை இருந்ததில்லை.

ஜூலை 15

பிள்ளைக்குப் பதில் பொம்மை தேடி ஊரெல்லாம் அலைந்தேன். கிடைத்ததற்கு ஒரு கை இல்லை. பரவாயில்லை, தலை இருக்கிறது.

ஜூலை 17

எழுதலாமா வேண்டாமா என்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஏழு பெண்கள் வந்தார்கள். நானாய் இப்பாங் முதல் வரிசை. எழுபது வயதைத் தாண்டியவர், இந்தத் தீவில் பாதிப்பேரைத் தூக்கியெடுத்த கை. சுகாதார நிலையத்து நர்ஸே அவரிடம் கேட்டுத்தான் செய்வாள். எல்லாருக்கும் ஆளுக்கொரு சுமான், தேங்காய்ப்பால் அரிசிப் பலகாரம், இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நான் சொல்லிக்கொடுக்கப் போவதை அவர் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார் என்பதால், "முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க நானாய், இவங்க பாத்துக் கத்துக்கட்டும்" என்றேன். மரியாதைக்குத்தான் சொன்னேன்.

பொம்மையை இடது கையில் ஏந்தினார். அந்த ஏந்தலிலேயே எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். உயிருள்ள பிள்ளையைப் போலவே பிடரியைத் தாங்கிக்கொண்டார். கிண்ணத்தை எடுத்து மூன்று முறை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"யேசு, மரி, சூசை நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை, அதுதான் விஷயம்.

"நானாய்... எப்பவும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"பின்னே? எங்கம்மா சொல்லிக் கொடுத்தது. உயிர் போற நேரத்துல வேற யாரைக் கூப்பிடுவாங்க?"

ஆமாம். சாகக் கிடப்பவர் காதில் நாம் எல்லாரும் சொல்வது அதுதான். யேசு, மரி, சூசை. பிள்ளை சாகக் கிடக்கிறது, அதனால் அந்தச் செபத்தையே ஞானஸ்நானத்துக்கும் வைத்துக்கொண்டார்கள் தாயும் மகளும். பிதா இல்லை. சுதன் பேர் இருக்கிறது, ஆவி இல்லை. அப்படிச் சொன்னால் அது ஞானஸ்நானம் ஆகாது. வருடக்கணக்காக நானே கரும்பலகையில் எழுதிப்போட்டுக் காட்டும் பாடம்.

சரியான வார்த்தையைப் பொதுவாக எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே' என்று ஏழு பேரும் திருப்பிச் சொன்னார்கள். நானாயும் சொன்னார். இன்னொரு செபம் கற்றுக்கொண்டோம் என்று நினைத்திருப்பார். பழையது தப்பு என்று நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

சுமானைத் தின்னாமலே கொண்டுவந்துவிட்டேன்.

ஜூலை 18

பெர்லாவுக்கும் அதையேதான் சொல்லியிருப்பார்.

நான் படுத்துக் கிடந்தேன். தண்ணீர் கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டது. முணுமுணுப்பு கேட்டது. வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருடமும் அந்த முணுமுணுப்பை நானாகவே நிரப்பி வைத்திருந்தேன் – பிதா, சுதன், ஆவி என்று.

ஜூலை 20

சின்ன வயதில் எங்களுக்குக் கேள்வி-பதில் பாடம். ஞானஸ்நானம் அவசியமா? அவசியம். அது இல்லாமல் மோட்சம் சேர முடியுமா? முடியாது. பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தது, இன்னும் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

முடியாது. முடியாதாம். யாருக்கு? என் பிள்ளைக்கா? ஒரு பாவமும் பண்ணாம, பால்கூடக் குடிக்காம போனவளுக்கா?

ஜூலை 26

சோறு வைத்த தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு சாண்டோ, "மீன் கெட்டுப்போச்சா, இல்ல நானா?" என்றான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கோபத்துக்கு எப்போதும் காரணம் தான்தான் என்று முடிவுகட்டி வைத்திருப்பவன். சொல்லிவிட்டேன்.

என் தட்டை மூடிவைத்தான். பிறகு, "கடவுளுக்குப் புரியாதா செண்டா? நானாய் என்ன நினைச்சு ஊத்துனாங்கன்னு?" என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எல்லாம் கடவுளுக்குப் புரியும்னா நான் எதுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன்? கோயில் எதுக்கு? சாமியார் எதுக்கு? எதையாவது சொல்லி எதையாவது ஊத்தினாப் போதுமே!"

"நான் படிக்காதவன்" என்று எழுந்து போனான். அவன் அப்படிச் சொன்னால் மனசு நொந்துவிட்டது என்று அர்த்தம். சாயங்காலம் வரை வரவில்லை. தேடிப் போனால் கல்லறையில், பெர்லாவின் சிலுவைக்குப் பக்கத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நானும் உட்கார்ந்து பிடுங்கினேன். அவளுக்கும் அவன்தானே அப்பா. எனக்கு மட்டும்தான் வலிக்கும் என்று எப்படி நினைத்தேன்?

ஆகஸ்ட் 1

இன்னொன்றும் இருக்கிறது. நானாய் தண்ணீர் ஊற்றிப் பிழைத்த பிள்ளைகள். பிறகு கோயிலுக்குக் கொண்டுவந்தபோது சாமியார், "வீட்டுல தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்பார். "ஊத்தியாச்சு" என்பார்கள். ஒருவருக்கு இரண்டு முறை கொடுக்கக்கூடாது, அதனால் எண்ணெய் பூசி, மெழுகுதிரி கொடுத்து, மீதிச் சடங்கை மட்டும் முடித்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் எல்லாம் வளர்ந்து, முதல் நற்கருணை வாங்கி, கல்யாணம் கட்டி, பன்றி வளர்த்துக்கொண்டு இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு.

நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நானாயின் பேரும் கெடாது. பெர்லாவும் – ஊரைப் பொறுத்தவரை – மோட்சத்திலேயே இருப்பாள்.

ஆகஸ்ட் 6

விடியற்காலைப் படகில் பட்டணம் போனேன். ஃபாதர் டெல்ஃபின் சளி பிடித்து, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இஞ்சித்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முதலில் பிழைத்தவர்கள் விஷயத்தைச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை.

"சரி பண்ணிடலாம். ஆளு உயிரோட இருக்காங்க, தண்ணியும் இருக்கு. ஆனா ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி நானாய்க்குச் சொல்லணும். நான் வந்து சொல்லட்டுமா?"

"வேணாம். வகுப்பு எடுத்தது நான்தானே."

"வேற?"

சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பெர்லாவைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவர் அப்போது குருமடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். சமாதானம் சொல்ல அவசரப்படவில்லை, அதற்காகவே அவரை மன்னித்தேன், பழைய வாய்த்துடுக்குக்கெல்லாம் சேர்த்து.

"மானா, நீங்க படிச்சது பாதிப் பாடம்" என்றார். "ஞானஸ்நானம் அவசியம், அது உண்மை. தெரிஞ்சவங்க கொடுக்காம இருக்கக்கூடாது, அதுவும் உண்மை. நமக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். ஆனா அந்த வழி நம்மைக் கட்டுப்படுத்தும். கடவுளைக் கட்டிப்போடாது. கொடுக்க முடியாமப் போன பிள்ளைகளைச் சபை கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்குது. அந்தப் பிள்ளைகளுக்கு அடக்கப் பூசையே இருக்கு. நரகம்னு சபை ஒருநாளும் உங்களுக்குச் சொல்லலை."

"அப்போ அவ மோட்சத்துல இருக்கான்னு சொல்லுங்க சாமி."

கழுத்துத் துண்டை அவிழ்த்து மடித்தார்.

"நம்பிக்கை இருக்குன்னு சபை சொல்லுது. நிச்சயம்னு சொல்லலை. அதுக்கு மேல நான் சொன்னாலும் பொய், அதுக்குக் கீழ சொன்னாலும் பொய். நம்பிக்கைன்னா நம்புறதுக்குக் காரணம் இருக்குன்னு அர்த்தம். பிள்ளைகளை எங்கிட்ட வர விடுங்கன்னு சொன்னவரை நம்பித்தான் சபை அதைச் சொல்லுது."

படகில் வரும்போது சாரல். முகத்தைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 7

நம்பிக்கை. நிச்சயத்தைப் பிடுங்கிக்கொண்டு நம்பிக்கையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆகஸ்ட் 13

போகவில்லை. நானாய் வீட்டு வழியாகப் போகாமல் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு போய்வருகிறேன். அவர் மீது எனக்குக் கோபமும் இருக்கிறது. நாலே வார்த்தை. அதைக்கூடச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதா இந்தக் கிழவிக்கு?

ஆகஸ்ட் 20

போனேன்.

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து திருப்பினேன். ஒரு வரிசை முடிந்த பிறகு சொன்னேன். அந்த வார்த்தைகளில் கொடுத்தால் ஞானஸ்நானம் ஆகாது, நானாய். அன்றைக்கு வகுப்பில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முதலில் சிரித்தார். "எத்தனை பிள்ளை தெரியுமா? நீ பாவாடை கட்டத் தெரியாம ஓடிக்கிட்டிருந்த காலத்துலேருந்து ஊத்துறேன்."

நான் அடுத்த கருவாட்டைத் திருப்பிப் போட்டேன். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கருவாட்டைப் பார்த்துக்கொண்டே, "பெர்லா?" என்றார்.

நான் எடுக்காத பேச்சு. அவராகவே எடுத்தார்.

பிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பெலிசாவின் பையன். கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த இரட்டைப்பிள்ளைகள். பெயரே வைக்காதது ஒன்று. போன பிள்ளைகள் எல்லாரையும் ஞாபகம் வைத்திருக்கிறார். பெற்றவர்களே சிலர் மறந்திருப்பார்கள்.

"செண்டா" என்றார் கடைசியில். "எத்தனை சாமியாருங்க வந்தாங்க இந்தத் தீவுக்கு. கோழி அடிச்சுப் போட்டிருக்கேன். துணி துவைச்சுக் கொடுத்திருக்கேன். 'நீதான் ஊத்துறியா, நல்லது நல்லது'ன்னு தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணாங்க. என்ன சொல்லி ஊத்துறேன்னு ஒருத்தரும் கேக்கலையேடி."

நானும் கேட்கவில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். யாருக்கெல்லாமோ பாடம் நடத்தினேன். ஊர் முழுவதும் யாரை நம்பி இருந்ததோ, அவருக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிட்டோம். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

செப்டம்பர் 11

ஃபாதர் வந்தார். பூசைக்குப் பிறகு எல்லாரையும் இருக்கச் சொல்லி, யாருடைய பெயரையும் எடுக்காமல் பக்குவமாகச் சொன்னார். ஆனால் இந்தத் தீவில் யார் தண்ணீர் ஊற்றுவார் என்று யாருக்குத் தெரியாது? எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. நானாய் கடைசி வரிசையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெலிசா எழுந்துவிட்டாள். "அப்போ எம்பிள்ளை? எம்பிள்ளை எங்க போச்சு? நரகத்துக்கா அனுப்புனே கிழவி?"

ஃபாதர் வாயெடுப்பதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"எம்பொண்ணுக்கும் அவங்கதான் ஊத்துனாங்க, பெலிசா."

முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஃபாதர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவசியம்தான். நாம் இனிமேல் சரியாகச் செய்ய வேண்டும், அதற்குத்தான் பாடம். ஆனால் செய்ய முடியாமல் போனதைச் சபை கடவுளின் இரக்கத்தில் விட்டிருக்கிறது, சபையே விட்ட இடத்தில் நானும் விடுகிறேன்.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா மானா?" என்றாள் பெலிசா. அன்று நான் கேட்ட அதே கேள்வி.

"நிச்சயமாத் தெரியாது. நம்புறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், நம்புகிறேன் என்று. வாய் தவறி வந்ததல்ல. பெலிசா உட்கார்ந்து அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் நானாய் இடம் காலி.

செப்டம்பர் 25

இன்று ஞானஸ்நானம். என் வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்த பெரியவர்கள், தலை நரைத்தவர்கள் உட்பட, வரிசையில் நின்றார்கள். ஊருக்கெல்லாம் அண்ணனான, கள்ளிறக்கும் மானோ பெனிங்கும் அதில் ஒருவர். ஞானஸ்நானத்தில் அதுவரை செய்த பாவம் அத்தனையும் போய்விடும் என்று வகுப்பில் சொன்னதிலிருந்து மனுஷன் தரையில் நிற்கவில்லை.

"எல்லாமேவா?" என்று மூன்று முறை கேட்டார்.

"எல்லாமே."

"தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் சேத்து வச்சிருப்பேனே."

அவர் மனைவி, "தலையைத் துவட்டாம அப்படியே செத்துடு. நேரா மேலதான். மறுபடி இந்தச் சந்தர்ப்பம் கிடைக்காது" என்றாள். அதற்குள் அவர் ஃபாதரிடம், கொஞ்சம் ஆசையோடுதான், அப்படியானால் தன் கல்யாணமும் செல்லாதா என்று கேட்டார். "அந்த நினைப்பெல்லாம் வேணாம். அதையும் சேத்துச் சரி பண்ணித் தர்றேன்" என்றார் ஃபாதர்.

சிரித்துக்கொண்டே வரிசைக்கு வந்த மனிதர், தண்ணீர் விழுந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் கிண்டல் செய்யவில்லை.

நானாய் வரவில்லை.

அக்டோபர் 4

சமைத்ததை எடுத்துக்கொண்டு நானாய் வீட்டுக்குப் போனேன். வாங்கிக்கொண்டார், உள்ளே கூப்பிடவில்லை. பிரசவத்துக்குக் கூப்பிட வந்தவர்களையும் திருப்பி அனுப்புகிறாராம். "இந்தக் கை இனிமே எந்தப் பிள்ளையையும் தொடாது. போ."

அக்டோபர் 8

இன்றும் போனேன். இன்று நான் போகாமல் நின்றேன். "ஏந்துற கை உங்களோடது நானாய், அது எனக்கு வராது. நாலு வார்த்தைதான் எங்கிட்ட இருக்கு. அதை வாங்கிக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கத்தியேவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நானாய் கதவைச் சாத்திவிட்டார்.

அக்டோபர் 19

சாண்டோ சிரிப்பை அடக்கமுடியாமல் வந்தான். நானாய் வீட்டுக் கொல்லையில் தேங்காய்க்கு ஞானஸ்நானம் நடக்கிறதாம். மட்டை உரித்த காயைக் கையில் ஏந்தி, கிண்ணத்தால் ஊற்றி, சத்தம் போட்டுச் சொல்லிப் பார்க்கிறாராம். "நம்ம தோப்புத் தேங்காயில பாதி கிறிஸ்தவம் ஆயிடுச்சு. இனிமே துருவுறதுக்கு முன்னாடி ஃபாதரைக் கேட்டுக்கோ."

அடுப்படிக்குள் போய் அழுதேன், சிரித்தேன். எது எப்போது என்று தெரியவில்லை.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மழை. மெழுகுதிரி நிற்கவில்லை. பெலிசா தன் குடையை இரண்டு சிலுவைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 29

புயல் எச்சரிக்கை, படகு இல்லை. காலையில் ஜெனலினுக்கு மாதம் நிறையாமலே வலி. மாமியார்க்காரி ஓடிப்போய் நானாயின் காலில் விழாத குறை. போனாராம். பிள்ளை நீலமாகப் பிறந்திருக்கிறது, சத்தமே இல்லை.

எனக்கு விஷயம் தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது நானாய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடி முழுக்க ஈரம். என்னைப் பார்த்ததும் பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. "சரியாச் சொன்னேன் செண்டா. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூணு தடவை ஊத்தினேன். ஜெனலினைக் கேட்டுப் பாரு, சத்தமாத்தான் சொன்னேன்" என்றார்.

உள்ளேயிருந்து பிள்ளை வீறிட்டு அழுதது. பால் குடிக்கிறதாம், பையன்.

நானாய் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். யாருக்கும் கேட்காமல், "ஆனா ஒண்ணு. ஊத்தி முடிச்ச பிறகும் பிள்ளை அழலையா, மனசு கேக்கலை. காதுல யேசு மரி சூசைன்னும் சொல்லிட்டேன். கெட்டுப்போச்சா?"

"கெடலை நானாய். அது ஞானஸ்நானம் இல்லை, அவ்வளவுதான். அது செபம். ஒரு பிள்ளைக்காக நீங்க யாரையெல்லாம் கூப்பிட்டீங்களோ, அவங்க வராம இருப்பாங்களா?"

அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். வருகிற வழியெல்லாம் அந்த முணுமுணுப்பு காதில் இருந்தது. இந்த முறை வார்த்தைகளோடு, யேசு, மரி, சூசை என்று. பெர்லாவுக்குக் கிடைத்தது அந்தச் செபம் மட்டும்தான். அது போதாது என்று இனி நான் சொல்லமாட்டேன்.